வினைசெயல் தொகுதி: அட்டவணையை மனப்பாடம் செய்வதா, கார்பனைலின் இரு பக்கமும் பார்ப்பதா?

பாராசிட்டமாலின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து, இதில் என்னென்ன வினைசெயல் தொகுதிகள், அதாவது மூலக்கூறு எப்படி வினைபுரியும் என்பதைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்கள், இருக்கின்றன என்று கேட்டேன். வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி உடனே எழுதிக் கொண்டுவந்தாள்: ஆல்கஹால், கீட்டோன், அமீன். மூன்றுமே தவறு. ஆனால் தொகுதிகளின் அட்டவணை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அன்றைக்குத்தான் நான் சொல்லிக்கொடுக்கும் வழியை மாற்றினேன்.

பலரும் போகும் வழி அட்டவணை. ஓ.ஹெச் இருந்தால் ஆல்கஹால், நைட்ரஜன் இருந்தால் அமீன், இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன் இருந்தால் கீட்டோன் என்று பதினைந்து வரிகள். சிறிய மூலக்கூறுக்கு இது போதும், வேகமும் அதிகம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

நான் இப்போது முதலில் சொல்லித்தருவது வேறு. மூலக்கூறைப் பார்த்ததும் கார்பனைலைத் தேடு, அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன். கிடைத்ததும் பெயர் சொல்லிவிடாதே, அந்தக் கார்பனின் இரு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பார். இரண்டு பக்கமும் கார்பன் என்றால் கீட்டோன். ஒரு பக்கம் கார்பன், மறுபக்கம் ஹைட்ரஜன் என்றால் ஆல்டிஹைடு. ஓ.ஹெச் ஒட்டியிருந்தால் கார்பாக்சிலிக் அமிலம். ஆக்சிஜன் ஒட்டி, அதற்கப்பால் இன்னொரு கார்பன் இருந்தால் எஸ்டர். நைட்ரஜன் என்றால் அமைடு, குளோரின் என்றால் அமில குளோரைடு. அட்டவணையில் ஆறு வரியாகக் கிடந்தது ஒரே கேள்வியாகிவிடுகிறது.

பாராசிட்டமாலுக்கு வருவோம். கார்பனைலின் ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் நைட்ரஜன். ஆகவே அமைடு, கீட்டோனும் இல்லை, அமீனும் இல்லை. ஓ.ஹெச் நேராகப் பென்சீன் வளையத்தில் இருப்பதால் அது ஆல்கஹால் இல்லை, ஃபீனால்.

இதைப் பெயர்ச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. என்னை மாற்றிய விஷயமே சோதனைக்குழாய்தான். அமீனான அனிலீன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும், அமைடான அசிட்டனிலைடு கரையாது. இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. ஆனால் அசிட்டனிலைடில் நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையைப் பக்கத்துக் கார்பனைல் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அமிலத்தோடு சேர அது கையில் இல்லை. 'நைட்ரஜன் என்றால் அமீன்' என்று படித்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் விளங்கவே வழியில்லை.

ஆஸ்பிரினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் கார்பனைல் இரண்டு. ஒன்றின் பக்கத்தில் ஓ.ஹெச், அது அமிலம். மற்றதன் பக்கத்தில் ஆக்சிஜன், அதற்கப்பால் பென்சீன் வளையம், அது எஸ்டர். அட்டவணையை மட்டும் வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் எஸ்டரை இரண்டாக உடைத்து ஈதர், கீட்டோன் என்று எழுதுகிறார்கள். ஆஸ்பிரின் தயாரிக்கப் பயன்படும் சாலிசிலிக் அமிலத்தில் ஃபெரிக் குளோரைடு விட்டால் ஊதா நிறம் வரும், ஏனென்றால் அதில் ஃபீனாலின் ஓ.ஹெச் இருக்கிறது. தூய ஆஸ்பிரினில் வராது, அந்த ஓ.ஹெச் எஸ்டராகிவிட்டது. ஈரம் பட்டுப் பழையதான மாத்திரையில் எஸ்டர் உடைந்து வினிகர் வாசம் அடிக்கும், ஊதாவும் திரும்ப வரும். பக்கத்தைப் பார்க்கப் பழகிய மாணவர் இதைச் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

ஃபார்மிக் அமிலமும் அப்படித்தான். "மிஸ், ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்கும் டாலன்ஸ் கரைசலில் அமிலம் எப்படி வெள்ளி ஆடி தரும்?" என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். அதன் கார்பனைலுக்கு ஒரு பக்கம் ஓ.ஹெச், மறுபக்கம் ஹைட்ரஜன். ஆல்டிஹைடின் முகமும் அதற்கு உண்டு. விதிவிலக்கு என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, பெயரிடுவதில்? இங்கே அட்டவணையை விட முடியாது. தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் 2-ஹைட்ராக்சிபுரப்பனாயிக் அமிலம். அமிலத்துக்கு முன்னுரிமை, அதனால் அது பின்னொட்டு. ஆல்கஹால் இறங்கி முன்னொட்டாகிவிடும். பைருவிக் அமிலத்தில் கீட்டோன் 'ஆக்சோ' ஆகிவிடும். அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்ற இந்த வரிசையைப் பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, படித்தே ஆகவேண்டும். எஸ்டரின் பெயரில் மட்டும் என் வழி மறுபடி கைகொடுக்கிறது. எத்தில் எத்தனோயேட், மெத்தில் புரப்பனோயேட் இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான். எந்தக் கார்பன்கள் கார்பனைல் இருக்கும் பக்கம் என்று பார்த்தால் '-ஓயேட்' எந்தப் பாதிக்கு என்பது தெரிந்துவிடும்.

கார்பனைலே இல்லாத இடத்தில் இந்த வழி பெரிதாக உதவாது. ஈதர், நைட்ரைல், நைட்ரோ, தயால் எல்லாம் அட்டவணைக்கே. அப்புறம், மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் மூவிணைய ஆல்கஹால். ஆனால் மூவிணைய பியூட்டைல் அமீன் ஓரிணைய அமீன். ஆல்கஹாலில் ஓ.ஹெச் தாங்கும் கார்பனோடும் அமீனில் நைட்ரஜனோடும் எத்தனை கார்பன்கள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணுகிறோம். இதைத் தனியாக உட்கார்ந்துதான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மாலை வகுப்பில் மூன்று ஆண்டுகளாக, ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு மட்டுமே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். நீட் தேர்வுக்கு நிமிடக் கணக்கில் ஓடுகிறவர்களுக்கு இது வேகமாக வருமா என்று உறுதி சொல்ல மாட்டேன். என்னிடம் அப்படி வந்தவர்கள் இருவர்தான், அவர்களுக்கும் முதல் மாதம் தாமதமானது. இப்போது முதல் இரண்டு வாரம் கார்பனைல் மட்டும். மூன்றாவது வாரம்தான் அட்டவணையைக் கையில் கொடுக்கிறேன், அதுவும் முன்னுரிமை வரிசைப்படி எழுதியது.