அழகர் இறங்கிய சேதி: வீடியோ காலா, குரல் பதிவா?

சிங்கப்பூர் போய்விட்ட நண்பனுக்கு மதுரைச் சேதி சொல்ல என்னிடம் இரண்டு வழி. வீடியோ காலில் முகம் பார்க்கலாம். ஆனால் அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு 9.30 என்றால் அவனுக்கு நள்ளிரவு. "சாப்பிட்டியாடா?" என்பதோடு முடிந்துவிடும்.

குரல் பதிவு அப்படியில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய விடியலில் வைகைக் கரையில் நின்றே பேசி அனுப்பினேன். நடுவே "கோவிந்தா" முழக்கம், தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் போன்மேல் தெறித்த சத்தம், "தள்ளி நில்லுப்பா" என்ற பக்கத்து அக்காவின் குரல், எல்லாம் பதிவாகிவிட்டன. வேலைக்குப் போகும் ரயிலில் மூன்று தடவை கேட்டானாம்.

எனக்குக் குரல் பதிவுதான். துக்கச் சேதி என்றால் மட்டும் எந்த நேரமானாலும் கூப்பிட்டுவிடுவேன். அதை அவன் தனியாகக் கேட்கக் கூடாது.