வேலூரிலிருந்து மசாய் மாராவுக்கு: எட்டு நாள் சஃபாரி ஏற்பாடு பற்றிய என் மதிப்பீடு

கடந்த ஆகஸ்ட் மாதம் வேலூரில் இயங்கும் ஒரு பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் மூலம் நானும் என் மனைவியும் கென்யாவுக்குச் சென்று வந்தோம். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்களோடு மொத்தம் 12 பேர். கூரையை உயர்த்திக்கொள்ளக்கூடிய லேண்ட் குரூசர் வண்டிகள் இரண்டு. விமானக் கட்டணம், தங்குமிடம், பூங்கா நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. அத்தனை பணத்தைக் கட்டுவதற்கு முன் போய்வந்த ஒருவரிடம் விசாரிக்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் துண்டறிக்கையில் முதல் வரியே ‘ஐந்து பெரும் விலங்குகளும் உறுதி’ என்பதுதான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகிய ஐந்தையும் அப்படிச் சேர்த்துச் சொல்வது, துப்பாக்கியோடு நடந்துபோய் வேட்டையாடியவர்கள் இவற்றை மிக ஆபத்தானவை என்று கருதியதால் வந்த வழக்கம். உருவத்தை வைத்து வந்த பட்டியலாக இருந்திருந்தால் நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அதில் விடுபட்டிருக்க மாட்டா. காட்டில் திரியும் விலங்கை யாராலும் உறுதியளிக்க முடியாது. எங்களுக்கு நான்கு கிடைத்தன; சிறுத்தை கடைசிவரை கண்ணில் படவில்லை. அது என் குறை அன்று. அந்த ஒரு வரி எங்கள் குழுவில் பாதிப் பேரின் பயணத்தையே கெடுத்துவிட்டது என்பதுதான் என் குறை.

முதலில் நக்குரு ஏரி தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். திட்டமிட்டவர்களைப் பாராட்ட வேண்டிய இடம் இது, ஏனென்றால் அடுத்து நாங்கள் போகவிருந்த மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் காண்டாமிருகத்தைக் காண்பது எளிதன்று. நக்குருவில் கறுப்பு, வெள்ளை என இரு வகையும் இருக்கின்றன. நிறத்தைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது, இரண்டும் சாம்பல் நிறமே. தரையோடு வாயை வைத்துப் புல் மேய்வதற்கு ஏற்ற அகன்ற தட்டை உதடு வெள்ளைக்கும், புதர்களின் தழையைப் பற்றி இழுப்பதற்கு ஏற்ற கூரிய மேலுதடு கறுப்புக்கும் அடையாளம். நாங்கள் பார்த்தவை புல்வெளியில் நின்ற மூன்று வெள்ளைக் காண்டாமிருகங்கள்.

அடுத்த மூன்று நாளும் மசாய் மாராவில். இரண்டாம் நாள் காலை ஏழு மணி அளவில் எங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, உயரமான கரையான் புற்று ஒன்றைக் கைகாட்டினார். அதன் மேல் ஒரு சிவிங்கிப்புலி உட்கார்ந்திருந்தது. தமிழ்ச் செய்திகளில் சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுவதால் இங்கே பிரித்துச் சொல்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கம் ஆட்டைத் தூக்கிப் போவதாக நாம் கேள்விப்படுவது சிறுத்தை. அதன் உடலில் இருப்பவை பூப்போன்ற வளையங்கள். சிவிங்கிப்புலியின் உடலில் இருப்பவை கறுப்புப் பொட்டுகள்; கண்ணின் உள்முனையிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல ஒரு கருங்கோடு இறங்கும். இந்தியாவில் இது அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

புற்றின் அடியில் மூன்று குட்டிகள் இருந்தன. முதுகு நெடுகச் சாம்பல் நிற மயிர் சிலிர்த்து நிற்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டிருந்தன. தாய் இறங்கி நாலைந்து அடி நடந்து ஒரு குரல் கொடுத்தது. குருவி கத்தியது என்றுதான் முதலில் நினைத்தேன். குட்டிகள் உடனே எழுந்து ஓடியதைப் பார்த்த பிறகே அது தாயின் அழைப்பு என்று புரிந்தது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். இறுதியில் அது ஒரு சிறு மானைக் குறிவைத்துப் பாய்ந்தது, தவறவிட்டது, விலா எலும்புகள் ஏறி இறங்க மூச்சு வாங்கியபடி புல்லில் படுத்துக்கொண்டது.

இரண்டாவது வண்டி அங்கே நின்றது பத்தே நிமிடம். சிவிங்கிப்புலி அந்த ஐந்தில் சேராது என்பதால், வேறெங்கோ சிறுத்தை தென்பட்டதாக ரேடியோவில் வந்த தகவலை நம்பி அவர்கள் கிளம்பிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது ஒரு மரமும் அதைச் சுற்றி இருபது வண்டிகளும் மட்டுமே இருந்தனவாம். மூன்று நாளும் இப்படியே ஓடினார்கள். ஓட்டுநர்மீது தவறில்லை, ‘உறுதி’ என்று விற்றுவிட்டதை அவர் எங்கிருந்தாவது தேடிக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாராவில் நுழைவுச்சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே செல்லும். வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை தலைக்கு 200 டாலர். அப்படியிருந்தும் நிறுவனம் வகுத்த திட்டப்படி மதியச் சாப்பாட்டுக்காக விடுதிக்குத் திரும்புவதிலேயே மூன்று மணி நேரம் போயிற்று. கடைசி நாள் நாங்களே கேட்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனோம். வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மான் இன விலங்குகளின் கூட்டம் ஆற்றங்கரைவரை வந்து தயங்கித் திரும்பியதை அன்றுதான் கண்டோம். அவை ஆற்றைக் கடக்கும் காட்சி எங்களுக்கு வாய்க்கவில்லை.

அடுத்துப் போன அம்போசெலி தேசியப் பூங்காவில் யானைகள். எங்களோடு வந்த பேரணாம்பட்டு விவசாயி ஒருவருக்கு யானை புதிதன்று. ஆந்திரத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கி வரும் யானைகள் அவருடைய வாழைத்தோப்பைப் பலமுறை மிதித்திருக்கின்றன. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு யானையைப் பார்த்து அவர் திகைத்துப் போனார். “நம்ம பக்கம் பொட்டை யானைக்கு ஏதுங்க தந்தம்?” என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் வளரும். முதுகு நடுவில் குழிந்திருக்கும். தும்பிக்கை நுனியில், நம் யானைக்கு ஒன்று இருக்கும் இடத்தில், விரல்போன்ற நீட்சி இரண்டு இருக்கும். அந்த இரண்டு விரல்களாலும் ஒரு புல் கற்றையைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைப்பதைப் பார்த்தபடி அவர் அரை மணி நேரம் பேசவே இல்லை.

புறப்பாட்டு ஏற்பாடுகளில் நிறுவனம் இன்னும் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அது செல்லுபடியாகும். இதை எங்களுக்குச் சொன்னதே புறப்பட 13 நாள் இருக்கும்போதுதான். சென்னைக்கு அலறி அடித்துக்கொண்டு ஓடி, கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டோம். கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை இருப்பதையும் யாரும் சொல்லவில்லை. முறுக்கும் புளிசாதப் பொடியும் கட்டியிருந்த கவர்களை எல்லாம் நைரோபி விமான நிலையத்தில் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. தங்குமிடங்கள் சுத்தமாக இருந்தன. சைவ உணவுக்கும் குறைவில்லை.

எங்கள் வண்டிக்கு வாய்த்த ஓட்டுநருக்காக 5க்கு 4 கொடுக்கிறேன். முன்பணம் கட்டும்போதே ஓட்டுநரின் அனுபவத்தையும் மதிய உணவு ஏற்பாட்டையும் கேட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் இவற்றை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த பயணத்துக்கான துண்டறிக்கையில் தடுப்பூசிக்கான கடைசித் தேதியைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் வரி மட்டும் அப்படியே இருக்கிறது.