மாணவர் ரெஸ்யூமுக்கு எது சரி: கூகுள் டாக்ஸா, கேன்வாவா, ஓவர்லீஃபா?

கூகுள் டாக்ஸில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து டைப் செய்யத் தொடங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை அதுதான். கோட் எழுதிப் பக்கத்தை வடிவமைக்கும் ஓவர்லீஃப், கணினித் துறை மாணவர்களுக்கு மட்டும் இரண்டாவது. பெரும்பாலோர் முதலில் ஓடிப்போய்த் திறக்கும் டிசைன் தளமான கேன்வா கடைசி.

கேன்வாவின் டெம்ப்ளேட்கள் பார்க்க அழகானவை, மறுக்க முடியாது. விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு டிசைன் வேலைக்குப் போகிறவருக்கு அந்த அழகே ஒரு சான்று. மற்றவர்களுக்கு அதுவே தொல்லை. அதில் ஒவ்வொரு துண்டு எழுத்தும் தனித்தனிப் பெட்டி. பிடிஎஃப் ஆக்கும்போது அந்தப் பெட்டிகள் எந்த வரிசையில் உள்ளே போகும் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. வந்து குவியும் விண்ணப்பங்களைச் சேமித்துத் தேட நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏடிஎஸ் மென்பொருளோ பெயர், போன் எண், கல்லூரி, தேர்ச்சி ஆண்டு என்று எழுத்தைப் பிரித்தெடுத்துத் தனித்தனிக் கட்டங்களில் போடப் பார்க்கிறது. இடது பத்தியின் திறன் பட்டியலும் வலது பத்தியின் கல்வி விவரமும் ஒரே வரியில் கலந்து போனால், தேடுகிறவர் கையில் அந்த ரெஸ்யூம் சிக்காமலே போகலாம்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். மேலிருந்து கீழாக நீங்கள் எழுதிய வரிசையிலேயே வந்தால் சரி. எதுவுமே ஒட்டவில்லை என்றால் பக்கம் முழுவதும் படமாகிவிட்டது என்று பொருள். கேன்வாவில் டவுன்லோட் செய்யும்போது ‘ஃப்ளாட்டன் பிடிஎஃப்’ என்பதை டிக் செய்தால் இப்படித்தான் ஆகும்.

ஜாவா 80%, தமிழ் 5 நட்சத்திரம் என்று திறமையை அளக்கும் பட்டைகளை எந்தக் கருவியில் எழுதினாலும் வைக்காதீர்கள். எதில் 80 சதவீதம் என்று இன்டர்வியூவில் கேட்டால் பதில் இருக்காது.

கூகுள் டாக்ஸிலும் டெம்ப்ளேட் கேலரி இருக்கிறது. அதில் செரிஃப் என்ற ரெஸ்யூம் டெம்ப்ளேட் இரண்டு பத்தியாக வரும். அதை விட்டுவிட்டு வெற்றுப் பக்கத்திலேயே எழுதுங்கள். முதலில் ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப் போய், தாள் ஏ4 (210 × 297 மி.மீ.) என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க லெட்டர் அளவு 216 × 279 மி.மீ. அதில் அடித்ததைப் பின்னால் ஏ4-க்கு மாற்றினால் வரிகள் இடம்பெயரும். மார்ஜின் நான்கு பக்கமும் 1.9 செ.மீ., எழுத்து 10.5 அல்லது 11, பெயருக்கு மட்டும் 18. ஒரே பக்கம், ஒரே பத்தி. போன் எண்ணையும் மெயிலையும் ஹெடர் பகுதியில் போடாமல் பக்கத்தின் உடலிலேயே எழுதுங்கள். சில மென்பொருள்கள் ஹெடரைப் படிப்பதில்லை.

அதிகம் பேர் சறுக்குவது தேதியில்தான். கல்லூரிப் பெயர் இடப்பக்கம், ‘2022–2026’ வலப்பக்கம் வர வேண்டும் என்று ஸ்பேஸ் பாரை முப்பது தடவை தட்டுகிறார்கள். எழுத்துரு சற்று மாறினாலும் தேதிகள் படிக்கட்டு போல ஏறி இறங்கி நிற்கும். மேலே உள்ள ரூலரில் வலது ஓரத்தில் கிளிக் செய்து ரைட் டேப்-ஸ்டாப் ஒன்றை வைத்துவிட்டு, கல்லூரிப் பெயருக்குப் பின் ஒரே ஒரு டேப் அடித்தால் தேதி ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். டைப் செய்வதைப் போனில் முடித்தாலும் இந்த ஒழுங்குபடுத்தலைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டிங் வேலைக்கு ஒன்று, டேட்டா வேலைக்கு ஒன்று என்று மேக் எ காப்பி கொடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொள்வதும் இதில் சுலபம்.

கருவி எதுவானாலும் உள்ளே போவதுதான் வேலை வாங்கித் தரும். இங்கே டெம்ப்ளேட்கள் செய்யும் கெடுதல் பெரிது: காலியாகக் கட்டம் இருக்கிறதே என்று மாணவர்கள் எதையாவது நிரப்புகிறார்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, ‘மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதி கூறுகிறேன்’ என்ற உறுதிமொழி, கையெழுத்துக்கு ஒரு கோடு, எல்லாம் பழைய பயோடேட்டாவின் மிச்சம். தனியார் வேலைக்கு இவை தேவையில்லை. ‘சவாலான சூழலில் பணியாற்ற விரும்புகிறேன்’ என்ற அப்ஜெக்டிவ்வும் அப்படியே. இவற்றை எடுத்தாலே ஆறேழு வரி கிடைக்கும்; அந்த இடம் ப்ராஜெக்ட்டுக்கு உரியது.

‘பைதானில் நூலக மேலாண்மை மென்பொருள்’ என்ற ஒற்றை வரியிலிருந்து படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘4 பேர் குழு, தேடல் பகுதியும் தாமதக் கட்டணக் கணக்கும் நான் எழுதியவை, 1,200 புத்தகப் பதிவுகளை வைத்துச் சோதித்தது’ என்றால் அடுத்த கேள்வியை அவரே கேட்பார். பி.காம். மாணவர் ‘டேலி தெரியும்’ என்பதற்குப் பதில், டேலி பிரைம் கணக்கு மென்பொருளில் எத்தனை மாதப் பதிவுகளைப் போட்டார், விற்பனைப் பதிவிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குப் படிவத்துக்கான விவரத்தை எடுக்கத் தெரியுமா என்று எழுதலாம். எண் உண்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணே வேண்டாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை மறைக்காதீர்கள். கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்தாவது முதலே 60% கேட்கின்றன, நிலுவையில் அரியர் இருக்கிறதா என்றும் பார்க்கின்றன. சிஜிபிஏவை ‘7.8/10’ என்று முழுதாக எழுதுங்கள்.

லேடெக் என்பது கோட் எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மொழி; ஓவர்லீஃப் அதை பிரவுசரிலேயே எழுத உதவும் தளம். வரிகளும் இடைவெளிகளும் அச்சகத்தில் கோத்தது போல வரும். கணினித் துறை மாணவர்களிடம் பரவலாகச் சுற்றும் ‘ஜேக்ஸ் ரெஸ்யூம்’ டெம்ப்ளேட் ஒரே பத்தி கொண்டது. பிடிஎஃபிலிருந்து எழுத்து ஒழுங்காகக் காப்பி ஆவதற்கான வரியும் அதன் கோடின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்த வரியை அழித்துவிடாதீர்கள். தாள் லெட்டர் என்று குறித்திருக்கும், அதை ஏ4 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது குறியீடுகளில். லேடெக்கில் % என்பது குறிப்பு எழுதுவதற்கான அடையாளம். ‘92% பெற்றேன்’ என்று அடித்தால் 92-க்குப் பின் அந்த வரியில் உள்ளதெல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும், பிழைச் செய்தியும் வராமல் போகலாம். & மற்றும் # பிழை காட்டி நிற்கும். மூன்றுக்கும் முன்னால் \ போட்டால் தீர்ந்தது. லேடெக் தெரியாதவர் இதற்காகவே கற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ப்ராஜெக்ட் வரிகளைத் திருத்தலாம்.

லிங்க்டுஇன் ப்ரொஃபைலை அப்படியே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வசதி அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். ‘ஏடிஎஸ் ஸ்கோர்’ காட்டிப் பணம் கேட்கும் தளங்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மென்பொருளும் தேடும் சொற்களும் வேறுபடும்போது பொதுவான மதிப்பெண் என்று ஒன்று இருக்க வழியில்லை.

அனுப்புவதற்கு முன் லிங்க்குகளை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவில் போட்ட சான்றிதழ் நீங்கள் மாற்றாதவரை ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலையில்தான் இருக்கும். ஹெச்ஆர் கிளிக் செய்தால் அனுமதி கேட்கும் பக்கம் வரும். லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்றுங்கள். அதே ஃபோல்டரில் ஆதார் நகலை வைக்காதீர்கள். உங்கள் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தள முகவரியை ‘லிங்க்’ என்ற சொல்லுக்குள் ஒளிக்காமல் முழுதாக எழுதினால், தாளில் பிரின்ட் எடுத்துப் படிப்பவருக்கும் பயன்படும். கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் வேலையையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ‘ரெஸ்யூம் ஃபைனல் நியூ (2)’ என்ற பெயரில் நூறு பேருடையது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.