அலுவலகமா, வீடா? களத்தில் இருப்பவர்களையும் கேளுங்கள்

வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் ஹெட்செட் மாட்டியவர்களை ஒரே கூரையின்கீழ் உட்கார வைப்பதா, வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுவதா? சேவைக் குழுக்களை நடத்துபவர்களிடையே ஓயாத வாதம் இது. இதில் ஒரு தரப்பின் குரல் அபூர்வமாகத்தான் கேட்கிறது: பழுது பார்க்க நேரில் போகும் டெக்னீஷியன்கள். மேலாளரின் கண்ணில் படாமல் தன்னந்தனியாக வேலை பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல. தொலைவில் இருப்பவர்களை எப்படி ஒரு குழுவாக வைத்திருப்பது என்பதை அவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

முதலில் வீட்டின் பக்கத்து வாதம். சீனப் பயண நிறுவனமான சிட்ரிப், 2010 டிசம்பரில் தொடங்கி 9 மாதங்கள் தன் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் அதை ஆராய்ந்தார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் பாதியாகக் குறைந்தது.

இந்த 13 சதவீதத்தைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. அதில் 9 சதவீதம், ஷிஃப்டில் கூடுதல் நிமிடங்கள் வேலை பார்த்ததால் வந்தது: இடைவேளையும் உடல்நல விடுப்பும் குறைந்தன. நிமிடத்துக்கு எடுத்த அழைப்புகள் கூடியதால் வந்தது 4 சதவீதம் மட்டுமே. சோதனையில் இருந்தவர்கள் எல்லோரும் குறைந்தது 6 மாத அனுபவமும் வீட்டில் தனி அறையும் உள்ளவர்கள். வீட்டில் இருந்தவர்கள் வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கும் வந்தார்கள். ஆகவே நேற்றுச் சேர்ந்தவரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

வீட்டுக்குச் சாதகமான இன்னொரு காரணம் கணக்கில் இருக்கிறது. இத்தனை அழைப்புகளுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிட, டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரத்தைத்தான் இன்றும் ஷிஃப்ட் போடுகிறவர்கள் நம்புகிறார்கள். அரை மணிக்கு 50 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம், 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 8 பேர் தேவை. இப்படி இரண்டு ஊர்களில் இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாக இயங்கினால் 16 பேர். இரண்டையும் ஒரே வரிசையாக இணைத்துவிட்டால் 14 பேரே போதும். எல்லோரும் வீட்டிலிருந்து ஒரே வரிசையில் சேரும்போது இந்த இணைப்பு இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. காலையிலும் மாலையிலும் அழைப்புகள் குவியும் தொழில்களில், வேலை நேரத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதும் வீட்டில்தான் நடக்கும். மூன்று மணி நேர வேலைக்காக ஒருவரை ஒரே நாளில் இரண்டு முறை அலுவலகத்துக்கு வரச் சொல்வது கொடுமை.

அலுவலகத்தின் வாதம் வேறு வகை. பக்கத்து இருக்கைக்காரர் கோபக்கார வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறார் என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. சிட்ரிப் சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை முக்கியக் காரணம். ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் படவில்லை. இந்த அநீதியை மேலாளர்தான் சரிசெய்ய வேண்டும். அதற்காகவாவது யாருக்கு எப்போது பதவி உயர்வு கொடுத்தோம் என்பதைப் பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும்.

களத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. இங்கேயும் இரண்டு வழிகள். எல்லா டெக்னீஷியன்களையும் ஒரே மையத்திலிருந்து அனுப்புவது ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை ஒப்படைப்பது மற்றொன்று. அழைப்பு எந்த வீட்டுக்கும் ஒரு நொடியில் போய்ச் சேரும். மனிதர் போய்ச் சேரமாட்டார். ஒன்றாக்கினால் கிடைக்கும் லாபத்தைப் பயண நேரம் தின்றுவிடும். பகுதி ஒப்படைப்புக்கு என் வாக்கு. எந்த வாடிக்கையாளரின் சாதனம் எப்படிப்பட்டது, போன முறை என்ன மாற்றினோம் என்பது ஒருவருக்கே தெரிந்திருக்கும். அவர் விடுப்பில் போனால் தடுமாற்றம் வரும், உண்மைதான். பக்கத்துப் பகுதிகள் இரண்டை இணையாக்கி, ஒருவர் இல்லாதபோது மற்றவர் பார்ப்பது என்று வைத்தால் அது தாங்கக்கூடிய அளவுக்குக் குறையும்.

தனியாகச் சுற்றுகிறவர்கள் எப்படிக் கற்கிறார்கள்? ஜெராக்ஸ் நிறுவனத்தின் டெக்னீஷியன்களை 1980-களில் கூடவே இருந்து கவனித்தார் மானிடவியலாளர் ஜூலியன் ஆர் (Julian Orr). கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு. உண்மையில் அதுதான் வேலையின் பாதி. பிறகு 1990-களில் அந்த நிறுவனம் யுரேகா என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. ஒருவர் எழுதும் குறிப்பைச் சக டெக்னீஷியன்களே சரிபார்ப்பார்கள். எழுதியவரின் பெயரும் அதோடு இருக்கும். வீட்டிலிருந்து பேசும் குழுவுக்கும் வேண்டியது இதேதான். வேலை பார்க்கிறார்களா என்று கண்காணிக்கத் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளை விட்டுவிட்டு, இப்படி ஒரு குறிப்பேட்டுக்கும் தினமும் கால் மணி நேர அரட்டைக்கும் சம்பள நேரத்தை ஒதுக்குங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது கலவை. புதியவர்கள் முதல் ஆறு மாதம் அலுவலகத்தில். அனுபவசாலிகள் விரும்பினால் வீட்டில், வாரம் ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக. தனி அறை இல்லாதவரை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. களத்தில் பகுதி ஒப்படைப்பு.

ஆனால் அளவுகோலை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினால் எந்த ஏற்பாடும் நிற்காது. பேசுகிறவரைச் சராசரி அழைப்பு நேரத்தால் மட்டும் அளந்தால், இன்னும் இரண்டு கேள்வி கேட்டுத் தீர்க்கக்கூடிய புகாரையும் "ஆள் வருவார்" என்று சொல்லி முடித்துவிடுவார். அவருடைய எண் அழகாகத் தெரியும். டெக்னீஷியன் தவறான உதிரிபாகத்தோடு போய் நிற்பார். திட்டு வாங்குவதும் அவர்தான். அதனால் இரண்டு குழுக்களுக்கும் ஒரே எண்ணைப் பொதுவாக வையுங்கள்: ஒரே புகாருக்காக 30 நாளுக்குள் எத்தனை முறை மறுபடி அழைப்போ விசிட்டோ தேவைப்பட்டது? களத்தில் நிற்பவர் தனக்கு டிக்கெட் (புகார்ப் பதிவு) எழுதியவரை நேரடியாக அழைக்க ஒரு எண்ணும் கொடுங்கள். பல இடங்களில் அவரும் வாடிக்கையாளர் வரிசையிலேயே காத்திருக்கிறார். எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தக் காத்திருப்பை இந்த வாரமே நிறுத்திவிடலாம்.