ஓரியோல்ஸின் இளம் வீரர்கள்: ஸ்கோர் அட்டையா, நேரலையா?

பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் இளம் வீரர்களைத் தொடர்பவர்களுக்கு இரு வழிகள் உள்ளன: கிளை அணிகளின் ஸ்கோர் அட்டைகளை நாள்தோறும் படிப்பது, அல்லது ஓர் ஆட்டத்தை நேரலையில் முழுமையாகப் பார்ப்பது.

அட்டையின் பலம் அதன் பரப்பு. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள் நடக்கும் மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே இளம் வீரர்கள் தேறும் படிகளில்), கீழ்நிலைக் கிளை அணியான டெல்மார்வா முதல் மேல்நிலை அணியான நார்ஃபோக் வரை யார் தேறுகிறார் என்பதைச் சில நிமிடங்களில் அறியலாம். 2023இல் ஓரியோல்ஸின் இளம் வீரர் ஜாக்சன் ஹாலிடே ஒரே பருவத்தில் நான்கு படிகளையும் ஏறிய அழகை அட்டைகளே நாள்விடாமல் பதிவு செய்தன.

ஆயினும், நான்கு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்டும் (பந்தை அடித்துத் தளத்தைச் சேர்வது) இல்லை என்ற வரி, ஓங்கி அடித்த பந்து நேராக ஃபீல்டரின் கையுறைக்குள் போனதையும், எட்டாத வெளிப்பந்துக்கு மட்டையை வீசி ஏமாந்ததையும் வேறுபடுத்தாது. 2024 ஏப்ரலில் மேஜர் லீக்கில் 34 வாய்ப்புகளில் 2 ஹிட் மட்டுமே எடுத்து, 18 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகி (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழந்து) ஹாலிடே நார்ஃபோக்குக்குத் திரும்பியபோது, அவர் தேறுகிறாரா என்பதை உணர அவருடைய மட்டைவீச்சையே காண வேண்டியிருந்தது. ஆகவே கீழ்ப்படிகளுக்கு அட்டையும், மேஜர் லீக்கின் வாசலில் நிற்பவர்களுக்கு நேரலையும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து.