மண்ணடிப் பழைய சாமான் கடையில் பிரெஞ்சு சவரக் கத்திகள்

சென்னை மண்ணடியில் இரும்புக் கடைகளுக்கு இடையே, ஒருவர் நுழையும் அளவே வாசல் கொண்ட பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது. பித்தளைத் தாழ்ப்பாள், பீங்கான் சுவிட்சு ஆகியவற்றோடு மடக்குச் சவரக் கத்திகளும் அங்கே கிடைக்கும். பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் நகரங்களின் சரக்குதான். எப்போதாவது வரும் பிரெஞ்சுக் கத்திக்காகவே மூன்று ஆண்டுகளாக அங்கே போய் வருகிறேன்.

இக்கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, கத்திகளை வந்தபடியே வைத்திருப்பதுதான். வேறோர் இடத்தில் நான் வாங்கிய கத்தி கண்ணாடிபோல் மின்னியது. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், மெருகேற்றியதில் முத்திரை பாதி அழிந்து, முதுகும் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது. சாணைக்கல்லில் முதுகும் விளிம்பும் சேர்ந்து படிந்தால்தான் கூர்மையின் கோணம் சரியாக அமையும் என்பதால், துருவைவிட முதுகுத் தேய்மானமே பெரிய சேதம்.

சென்ற மாதம் அறுவைசிகிச்சைக் கத்தரிகளோடு சேர்ந்து ஒரு சவரக் கத்தி கிடந்தது. "தம்பி, அது ஆஸ்பத்திரிச் சாமான், பேரே போட்டிருக்கு பாருங்க" என்றார் கடைக்கார பாய். அலகையும் பிடியையும் இணைக்கும் தண்டில் 'ஹாஸ்பிடல்' என்று படிக்கத்தக்க எழுத்துகள் உண்மையிலேயே இருந்தன. ஆனால் அது பிரான்சின் தியேர் நகரத்துக் கத்தித் தயாரிப்பாளரின் குடும்பப் பெயர். பிரெஞ்சில் 'ஒஸ்பிதால்' என்பார்கள். மறுபக்கம் இருந்த 'லெ குரெலோ' என்ற வணிகப்பெயருக்குச் சிறுமணி என்று பொருள். விவரத்தைச் சொன்ன பிறகும் அவர் விலையை ஏற்றவில்லை; முதலில் சொன்ன 1,800 ரூபாய்க்கே கொடுத்தார். பிற்காலத்தில் 'லெ குரெலோ' என்ற வணிகப்பெயர், 1884இல் தொடங்கிய தியேர் இசார் என்ற சவரக் கத்தி நிறுவனத்திடம் சேர்ந்தது. அந்த ஊரில் துரோல் ஆற்றுநீர் சுழற்றிய சாணைச் சக்கரங்களின் மேல், பலகையில் குப்புறப் படுத்தபடி தொழிலாளர்கள் அலகு தீட்டினார்கள் என்பதை நினைத்தால் கத்தியின் கனமே வேறாகத் தெரிகிறது.

பிரெஞ்சுக் கத்தியை அடையாளம் காணத் தண்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். 'அசியே ஃபோந்து' என்றால் வார்ப்பு எஃகு. 'காரான்தி' என்றால் உத்தரவாதம் உள்ளது. இவை தயாரிப்பாளரின் பெயர்கள் அல்ல. 'பிரான்ஸ்' என்று நாட்டுப் பெயர் பொறித்திருந்தால், இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் இயற்றிய சட்டத்திற்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்பெயர் இல்லாததை மட்டும் வைத்து முந்தையது என்று முடிவு கட்டக் கூடாது. நுனி கால்வட்டமாக வளைந்திருப்பதைப் 'பிரெஞ்சு முனை' என்பார்கள் என்றாலும், பிற நாட்டுக் கத்திகளிலும் அது உண்டு.

பிடியையும் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கொம்பில் நார்போன்ற வரிகள் தெரியும். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவி அலகையே அரித்துவிடும். அத்தகைய கத்தியைப் பிறவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால், சூடான ஊசியால் குத்திச் சோதிக்கவே கூடாது.

கடையில் குறையும் உண்டு: உள்ளே வெளிச்சம் போதாது, சாணை பிடித்துத் தருவதில்லை, விளிம்பில் பல்லுப்போல் உடைந்தவையும் நல்லவற்றோடு கலந்தே கிடக்கும். காலையிலேயே போய்விடுங்கள், அப்போதுதான் வாசற்படியில் வெயில் விழும், முத்திரையைச் சாய்த்துப் படிக்க அந்த வெளிச்சம் வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும்.