க்யூடியில் யுடிபி சாக்கெட்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

சென்சார்கள் அனுப்பும் சின்னச் சின்ன அளவீடுகளை வாங்கித் திரையில் காட்டுவதுதான் எங்கள் நிரலின் வேலை. ஓர் அளவீடு தொலைந்தால் பரவாயில்லை, அடுத்தது உடனே வந்துவிடும். பழையதற்காகக் காத்து நிற்பதுதான் கெடுதல். அதனால்தான், தொலைந்ததை மறுபடி அனுப்பாமல் அடுத்ததை அனுப்பிக்கொண்டே போகும் நெட்வொர்க் முறையான யுடிபி. சி ப்ளஸ் ப்ளஸில் எழுதுவதால், க்யூடி நூலகத்தில் யுடிபி அனுப்பவும் வாங்கவும் உள்ள க்யூயுடிபிசாக்கெட் வகுப்பைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன்.

தொடங்குவது சுலபம். சாக்கெட்டை ஒரு போர்ட் எண்ணில் பைண்ட் செய்து (அதாவது கேட்கக் கட்டி வைத்து), தரவு வந்ததும் எழும் ரெடிரீட் சிக்னலை, அதற்குப் பதிலாக ஓடும் ஃபங்க்ஷனான ஒரு ஸ்லாட்டோடு இணைத்தால் முடிந்தது. தனி த்ரெட் தேவையில்லை. சிரமம் எல்லாம் இன்ஹெரிட்டன்ஸில்தான், அதாவது ஒரு வகுப்பு தாய் வகுப்பின் அம்சங்களை வாங்கிக்கொள்வதில். தரவைத் தொடர் ஓட்டமாகத் தரும் டிசிபி சாக்கெட்டுக்கும் இதற்கும் தாய் வகுப்பு ஒன்றே. அதற்கும் மேலே, கோப்புகளுக்கும் பொதுவான க்யூஐஓடிவைஸ் உட்கார்ந்திருக்கிறது. ரீட், ரைட் எல்லாம் கைக்கு எட்டுவதால், பைட்டுகள் ஆறு மாதிரி தொடர்ந்து வரும் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். யுடிபியில் ஒவ்வொரு டேட்டாகிராமும், அதாவது ஒவ்வொரு தரவுப் பொட்டலமும், தனித்தனி. அதைப் படிக்கும் ரீட்டேட்டாகிராமுக்குச் சிறிய பஃபர் (தரவை வாங்கி வைக்கும் இடம்) கொடுத்தால் மிச்சம் அடுத்த அழைப்பில் வராது, போனது போனதுதான்.

ரெடிரீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வந்த டேட்டாகிராமைப் படிக்காமல் விட்டால் அடுத்ததற்குச் சிக்னல் வராது. திரையில் 'நிறுத்து' பொத்தான் வைக்கிறோம் என்று வையுங்கள். அதை அழுத்தியிருக்கும்போது ஸ்லாட் எதையும் படிக்காமல் திரும்பினால், பிறகு 'தொடர்' என்று அழுத்தினாலும் திரை அசையாது. கருவி, கேபிள், ஃபயர்வால் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் போகும். நிறுத்தி வைத்திருக்கும்போதும், படிக்காத டேட்டாகிராம் இருக்கிறதா என்று சொல்லும் ஹேஸ்பெண்டிங்டேட்டாகிராம்ஸ் உண்மையாக இருக்கும்வரை லூப்பில் படித்துத் தூக்கிப்போட வேண்டும். பழைய அளவீடுகள் பஃபரில் தேங்காமல் இருக்கவும் அதுவே வழி.

5.8 பதிப்பில் வந்த க்யூநெட்வொர்க்டேட்டாகிராம்தான் எனக்கு இந்த நூலகத்தில் மிகவும் பிடித்த மாற்றம். தரவு, அனுப்பியவரின் முகவரி, போர்ட் எல்லாம் ஒரே ஆப்ஜெக்டில் வந்துவிடுகின்றன. மேக்ரிப்ளை அழைத்தால் பதிலுக்கான முகவரியும் தானே நிரம்பிவிடும். ஆப்ஜெக்ட் ஆக வேண்டியது டேட்டாகிராம்தான். அது முதல் பதிப்பிலேயே இருந்திருக்க வேண்டும்.

முகவரியை ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். எந்த வகை முகவரியும் சரி என்னும் எனி கொடுத்து பைண்ட் செய்தால், பழைய வகையான ஐபிவி4 முகவரியே புதிய வகையான ஐபிவி6 வேடத்தில் வரும், இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் பொருந்தாது. வேடத்தைக் கடந்து ஒப்பிடும் ஈஸ்ஈக்வல் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் எனிஐபிவி4 என்றே பைண்ட் செய்துவிடுங்கள்.

அப்புறம், அளவு. ஐபிவி4-இல் ஒரு டேட்டாகிராம் 65,507 பைட் வரை சுமக்கும் என்றாலும் நாங்கள் 1,472-ஐத் தாண்டுவதில்லை. ஈதர்நெட் ஒரு தடவையில் வழக்கமாகச் சுமக்கும் 1,500 பைட்டில் ஐபி தலைப்பு 20, யுடிபி தலைப்பு 8 போக மிஞ்சுவது அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுதும் போய்விடும்.

மறைகுறியாக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு 5.12 முதல், யுடிபிக்கான பாதுகாப்பு வகுப்பு க்யூடிடிஎல்எஸ் இருக்கிறது. இரு பக்கமும் முதலில் ஒப்புக்கொள்ளும் ஹேண்ட்ஷேக்கில் ஒரு பாக்கெட் தொலைந்தால் ஹேண்டில்டைம்அவுட்டை நாமே அழைத்து மறுபடி அனுப்ப வைக்க வேண்டும்.